பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்: டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தின் கோளாறை அதுவே சொல்லும்

அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளை மகன் தட்டி எடுத்து ஓட்டுவது தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்றும் காணக்கூடிய காட்சி. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், இவ்வண்டிகளில் பெரும்பாலானவை ஒருமுறையாவது இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவைதாம். ஆனால், புதிய பிஸ்டன் போட்ட சில மாதங்களிலேயே மீண்டும் இயந்திரம் இறுகிப்போவதும் உண்டு. பழுதான பொருளை மட்டும் மாற்றிவிட்டு, அது பழுதானதற்கான காரணத்தைத் தேடாமல் விடுவதே இதற்குக் காரணம்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலுடன் கலந்து வரும் 2டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குகளுக்கும் வழுவழுப்பைத் தருகிறது. எண்ணெய் வரத்து குறைந்தாலும், எங்காவது காற்று கசிந்து உள்ளே புகுந்தாலும் சூடு ஏறி பிஸ்டன் இறுகிவிடும்.

கழற்றிய பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புகை வெளியேறும் பக்கம் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால் அதிகச் சூடு. நான்கு மூலைகளிலும் கீறல் இருந்தால், இயந்திரம் சூடாகும் முன்பே முறுக்கி ஓட்டியிருக்கலாம். காற்று நுழையும் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு புகுந்துள்ளது. செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். தலைப்பகுதி உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையையும் பற்றவைக்கும் நேரத்தையும் சோதிக்க வேண்டும்.

கிராங்க் சீல்களையும் மறக்கக்கூடாது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். வெண்புகை கக்கும், கியர் எண்ணெயின் அளவும் குறையும். மேக்னட் பக்க சீல் போனால் புகை இருக்காது. காற்று புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். சத்தமில்லாமல் பிஸ்டனைத் தின்பது இதுதான்.

ஆர்எக்ஸ்இசட் சிலிண்டரின் உட்புறம் இரும்பு என்பதால் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடிய பிஸ்டனைப் போடலாம். நவீன ஸ்க்ரேம்ளர் வண்டிகள் பலவற்றில் உட்புறம் நிக்கல் பூச்சு கொண்டது. அதைச் சாதாரணமாகக் கடைய முடியாது. பூச்சு போயிருந்தால் மீண்டும் பூச வேண்டும் அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

பூட்டும்போது, பிஸ்டனின் தலையில் உள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கம் இருக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சிறு ஆணியின் இருபுறமும் அமர வேண்டும். பின்னைத் தாங்கும் கிளிப்பை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகப் போடுங்கள். கிளிப் உள்ளே விழாதிருக்க கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பம்பு குழாயைக் கழற்றியிருந்தால், அதிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே இயந்திரத்தை ஓட விடுங்கள்.

பம்பு இல்லாத வண்டிக்கு 32க்கு 1 என்ற கலவை சொல்லப்பட்டிருந்தால், 5 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 156 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

புதிய பிஸ்டன் போட்டதும் முழு வேகத்தில் சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, ஒவ்வொரு முறையும் சூடேற விட்டு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவது நல்லது.

இது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. ஓடும்போது இயந்திரம் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்தால் கதை வேறு. இயந்திரத்தின் சத்தம் மாறி வேகம் தானாகக் குறைந்தால், உடனே கிளட்சை அழுத்திப் பிடித்து ஓரம் ஒதுங்குங்கள். வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்கும் பெற்றோர், சாவியோடு இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.