அ, ஆ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"முதல்ல எழுத்துக் கூட்டத் தெரியட்டும், அப்புறம் கதைப் புத்தகம் வாங்கலாம்." எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. தமிழில் 247 எழுத்துகள். அத்தனையும் முடியட்டும் என்றிருந்தால், அதற்குள் புத்தகம் என்றாலே வீட்டுப்பாடம் என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

தானாகப் படிப்பது எழுத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளைகள் புத்தகத்தைப் பற்றி ஏற்கெனவே என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே 1960களில் கூர்ந்து கவனித்தார். 1972இல் ‘சேண்ட்’ என்றொரு சின்னப் புத்தகத்தை உருவாக்கினார். அதில் சில இடங்களில் படத்தையும் எழுத்தையும் வேண்டுமென்றே தலைகீழாக அச்சிட்டிருந்தார். ஆசிரியர் வாசிப்பார். பிள்ளை அந்தத் தவறைக் கண்டுபிடிக்கிறதா, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் விரலை நகர்த்த வேண்டும் என்று அதற்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். புத்தகம் புழங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு இதில் பலவும் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடும்.

பலமுறை வாசித்துக் காட்டிய கதையைப் பிள்ளை தனியே உட்கார்ந்து புரட்டுவதைக் கவனியுங்கள். படத்தில் விரலை வைத்து, "அப்ப அந்த யானை என்ன பண்ணுச்சாம்..." என்று நம் குரலிலேயே இழுக்கும். பக்கம் திருப்ப வேண்டிய இடம் தவறாது. தூக்கக் கலக்கத்தில் நாம் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால், "குளத்துல விழுந்ததை விட்டுட்டம்மா" என்று கையைப் பிடித்து நிறுத்தும். "அது எங்க படிக்குது, மனப்பாடமா ஒப்பிக்குது" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். வாசிப்பின் முதல் படியே அதுதான். அப்போது போய், "இது என்ன எழுத்து, சொல்லு பார்ப்போம்" என்று குறுக்கிடாதீர்கள். கேட்ட மாத்திரத்தில் கதை பரீட்சையாகிவிடும்.

எழுத்துக்கும் அகர வரிசை கட்டாயமில்லை. ட, ப, ம மூன்றும், புள்ளி வைத்தால் எப்படி ஒலிக்கும் என்பதும் பிடிபட்டால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். ர சேர்ந்தால் மரமும் வந்துவிடும். ஒரு சொல்லைத் தானே படித்துவிட்ட பிள்ளைக்கு வரும் துணிச்சல், நோட்டு நோட்டாக எழுதவைத்தாலும் வராது.

புத்தகத்தில் பக்கத்துக்கு ஓரிரு வரி, பெரிய எழுத்து, கதையைத் தானே சொல்லும் படம் இருந்தால் போதும். தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் ஆகியவற்றின் வெளியீடுகளில் இப்படித் தேடிப் பார்க்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் காட்டுவதைவிட அச்செடுத்துத் தைத்துக் கையில் கொடுப்பது நல்லது.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். அங்கன்வாடிக்கும் மழலையர் வகுப்புக்கும் அதேபோன்ற ஏற்பாடு வேண்டும். இருக்கிற புத்தகத்தையும் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்கும் பள்ளிகள் உண்டு. ஆசிரியர்களே, பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி அவற்றைத் தொங்கவிடுங்கள். தினமும் கால் மணி நேரம், எந்தக் கேள்வியும் கேட்காமல், விரும்பியதை எடுத்துப் புரட்ட விடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.