தாய்ப்பால் போதவில்லையா?



தாய் தன் குழந்தைக்கு நிறைவாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றித் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் பேசுகின்றது. அதே வசனம் வேறு இரு செய்திகளையும் அறிவிக்கின்றது. பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையே பொறுப்பு. பால்குடியை முன்னரே நிறுத்துவதாயின், பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பி முடிவெடுக்க வேண்டும். ஆனால் நம் இல்லங்களில் அந்த முடிவைப் பல வேளைகளில் பெற்றோர் எடுப்பதில்லை. குழந்தையைப் பார்க்க வருவோரின் ஒரு சொல்லே எடுத்துவிடுகின்றது.

திருக்காட்டுப்பள்ளியிலும் அதைச் சூழ்ந்த காவிரிக்கரை ஊர்களிலும் இக்காட்சி புதிதன்று. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண். கணவர் வளைகுடா நாட்டில். பிள்ளை பிறந்து இருபது நாட்கள் ஆகியிருக்கும். "பிள்ளை மெலிந்திருக்கிறதே, பால் பற்றவில்லை போலும்" என்கிறார் ஒருவர். அன்று மாலையே பால்மாவு டின் வீட்டிற்கு வந்துவிடுகின்றது. பிள்ளையை எடைபோட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

எடையே சாட்சி

பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாட்களில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் அது பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட வேண்டும். பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் கூடும். அதன்பின் இவ்வேகம் தணியும், அது நோயன்று.

முற்காலத்து வளர்ச்சி அட்டவணை பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை வைத்து உருவானது. அதனோடு ஒப்பிட்டபோது, நலமாக வளர்ந்த தாய்ப்பால் குழந்தையும் சில மாதங்களில் பின்தங்கியதாகத் தோன்றியது. எனவே உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் தாய்ப்பாலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006-ஆம் ஆண்டு புதிய அட்டவணையை வெளியிட்டது. இரண்டரைக் கிலோவில் பிறந்த பிள்ளையை மூன்றரைக் கிலோவில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அது தன் கோட்டில் ஏறுகின்றதா என்று மட்டும் பாருங்கள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடைபோட்டுக் குறித்துத் தருவார்கள்.

எடைபோட இயலாத நாளில் ஈரத்துணியே சாட்சி. ஐந்தாம் நாளுக்குப் பின், ஓர் இரவும் பகலும் சேர்ந்து ஆறு முறையேனும் வெளிறிய சிறுநீர் கழித்தால் பால் கிடைக்கின்றது என்று பொருள். குழந்தை அழுவதோ, மார்பு தளர்ந்திருப்பதோ பால் இல்லை என்பதற்கு ஆதாரமாகா.

அள்ள அள்ள ஊறும்

கோடையில் வறண்ட ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியவர்கள் அறிவார்கள். அள்ள அள்ளத்தான் நீர் ஊறும். அள்ளாமல் விட்டால் மணல் சரிந்து தூர்ந்துவிடும். தாய்ப்பாலும் அவ்வாறே. குழந்தை உறிஞ்சி மார்பு காலியாகும் அளவுக்கே மீண்டும் சுரக்கும். புட்டிப்பாலால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குறைவாகவே குடிக்கும், சுரப்பும் குறையும். அவசியமின்றி வாங்கிய டின், இல்லாத குறையை உண்டாக்கிவிடும்.

ஆகவே எடை மந்தமாக ஏறினால் முதலில் பாலூட்டும் முறையைச் சரிபாருங்கள். குழந்தையின் வாய் அகலத் திறந்து, முகவாய் மார்பில் பதிந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவளையத்தையும் கவ்வ வேண்டும். தாய்க்குத் தொடர்ந்து வலித்தால் கவ்வியது சரியில்லை. இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்டுங்கள். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பின் மறுபக்கம் கொடுங்கள். உறிஞ்ச வலுவற்ற பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சி, நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையால் புகட்டலாம்.

பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் தாய்க்கு நல்லுணவே; ஆயினும் அவை குழந்தை உறிஞ்சுவதற்கு ஈடாகா. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைத்திருப்பது தவறு. ரமளானில் பாலூட்டும் தாய்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையையும் குடும்பத்தார் மறுக்கலாகாது.

தஹ்னீக் என்பது அண்ணத்தில் தடவும் சிறு சுவையேயன்றிப் பாலுக்கு மாற்றன்று. அதைக் காரணம் காட்டிச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டாதீர்கள். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. எனினும் அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

தாமதிக்கலாகாத வேளை

சில வேளைகளில் பால் உண்மையிலேயே போதாமலும் போகும். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, தைராய்டு குறைபாடு, குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருத்தல் போன்றவை காரணமாகலாம். இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டவில்லை என்றாலும், சிறுநீர் குறைந்து அடர்நிறமானாலும், பாலுக்கு எழுப்பியும் பிள்ளை விழிக்கவில்லை என்றாலும், மஞ்சள் நிறம் பரவினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 'தாய்ப்பால் மட்டும்தான்' என்ற உறுதியில் பிள்ளையைப் பட்டினி போடுவது மார்க்கமன்று. மருத்துவர் வேறு பால் தரச்சொன்னால் அதுவும் மருந்தே, தாய் குற்றவாளியல்லள். வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டவும் அதே வசனம் அனுமதிக்கின்றது. நம் நபி (ஸல்) அவர்களே அன்னை ஹலீமா அவர்களிடம் பால் அருந்தி வளர்ந்தவர்கள்.

சகோதரர்களே! தொலைவில் இருந்தாலும் முடிவில் உங்களுக்கும் பங்குண்டு. தொலைபேசியில் "பால் வருகின்றதா?" என்று கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டாயா, உறங்கினாயா, பிள்ளையை எடை போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். மாமியார்மார்களே! அடுப்படி வேலையிலிருந்து அவளுக்கு நாற்பது நாட்களேனும் ஓய்வளியுங்கள். பால்மாவு டின்னிலேயே தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும் என 1992-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கட்டளையிடுகின்றது. விற்பவரே சொல்லியாக வேண்டிய அவ்வுண்மையை நாமும் அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லி மனம் தேற்றுவோம்.

நம் குழந்தைகளை உடல்நலத்தோடும் ஈமானோடும் வளர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.