சேற்று வாயுவும் கமக்காரர் அடுப்பும்

நாற்று நடுவதற்கு வயலுள் இறங்கும் கமக்காரர், சேற்றிலே காலை ஊன்றியதும் குமிழிகள் பொங்கியெழுவதைக் கண்டிருப்பார். அவை வெறுங் காற்றல்ல. நீர் தேங்கிய மண்ணிலே, காற்றுப் புகாதவிடத்தில், பழைய தாளும் வேரும் மக்கும்பொழுது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மெதேன் என்னும் வாயு அவற்றில் உண்டு. 1776 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா ஏரிச் சேற்றைக் கிளறி இவ்வாயுவைச் சேர்த்து, அது தீப்பற்றி எரிவதைக் கண்டார். சேற்று வாயு என்பது இதன் மற்றொரு பெயர்.

கண்டி–மகியங்கனைப் பாதையில், நக்கிள்ஸ் மலைச்சாரலிலுள்ள ஹுன்னஸ்கிரியப் பகுதியிலே நெல்லும் மரக்கறியும் செய்வோர் இவ்வாயுவைப் பற்றி அறிய வேண்டியதற்குக் காரணம் உண்டு. பொலித்தீன் வேய்ந்த வீட்டில் தக்காளி வளர்த்தோர், நண்பகலில் அதனுள்ளே நிற்பது எத்துணைக் கடினம் என்பதை அறிவர். வெயில் உள்ளே புகும். வெப்பமோ எளிதில் வெளியேறாது. பூமியைச் சூழ்ந்த காற்றிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் மெதேனும் வெப்பக் கதிர்களை உறிஞ்சி ஏறக்குறைய இவ்வாறே செய்கின்றன. இப்போர்வை அறவே இல்லாவிடில் பூமி உறைந்துவிடும். அது தடிப்பதே தீங்காகும். நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரிக்கப்படுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்களவாயிருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. மெதேன் அளவிற் குறைந்ததாயினும், நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை அதனைப்போல் 28 மடங்களவு வெப்பமூட்ட வல்லது. ஆயினும் அது 12 ஆண்டளவே காற்றில் நிலைப்பதால், இன்று குறைத்தாற் பயன் விரைவிலே தெரியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மழை குன்றி விக்டோரியா முதலிய நீர்த்தேக்கங்கள் வற்றும்பொழுது நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியின் மீதும் எண்ணெயின் மீதும் சுமை ஏறுகின்றது. அதனை மாற்றுவது அரசாங்கத்தின் பொறுப்பு. கமக்காரரின் கையிலிருப்பது அடுப்பு.

2022 ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக மக்கள் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திராது. அவ்வேளையில் விறகே பலருக்குத் துணையாயிற்று. ஆனால் நக்கிள்ஸ் காடு 2000 ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட காடாகும். அங்கே விறகுக்கு வெட்டும் மரம் ஊற்றுநீருக்கும் கேடு. இந்நிலையில் மாட்டுத் தொழுவத்தின் பக்கத்திலேயே எரிபொருள் கிடக்கின்றது.

தொழுவத்திற் கட்டி வளர்க்கும் பசு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணமிடும். மூன்று பசுக்களின் சாணத்தைச் சம அளவு நீரிற் கரைத்துக் காற்றுப் புகாத குழியில் நாள்தோறும் விட்டால், ஒரு கன மீற்றர் அளவு வாயு நாள்தோறும் கிடைக்கும். இது 450 கிராம் உருளை வாயுவுக்குச் சமம். மாதக் கணக்கிற் பார்த்தால், 12.5 கிலோ உருளை ஒன்றுக்குச் சற்று மேலாகும். மாடுகள் பகல் முழுதும் வெளியில் மேய்ந்தால் சாணத்திற் பாதி கைக்கு வராது. அத்தகையோர் குழி வெட்டுமுன் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலைக் குளிரில் நுண்ணுயிர்கள் மெல்லவே வேலை செய்யும். ஆதலின் வெயில் படுமிடத்தைத் தெரிவு செய்து, சமவெளிக்குரியதைக் காட்டிலும் குழியைச் சற்றுப் பெரிதாக அமைத்துக், கரைசல் அதிகநாள் தங்கச் செய்தல் நன்று. வைக்கோலை இக்குழியில் இடலாகாது; அது மிதந்து ஏடுகட்டி வழியை அடைக்கும். வெளியேறும் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருப்பதால், போஞ்சி, கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கு அது நல்ல பசளை. குழாய் மூட்டுகளிற் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகின்றதா என மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். தீக்குச்சியாற் சோதித்தல் ஆபத்து. ஒழுகும் குழி, குழியே இல்லாமையிலும் கேடானது. திறந்து காய்ந்த சாணக் குவியலில் மெதேன் குறைவாகவே உண்டாகும். குழியோ அதனை வேண்டுமென்றே உண்டாக்குவது. எரிந்தால் அது காபனீரொட்சைட்டும் நீருமாகும். ஒழுகினால் மெதேனாகவே வானேறும்.

வயலில் எழும் வாயுவைப் பிடிக்க வழியில்லை. எழாமற் குறைக்க வழியுண்டு. ஓரடி நீளமான குழாயின் கீழ்ப்பாதியிற் சிறு துளைகளிட்டு, அப்பாதி மண்ணுள் அமையுமாறு வயலில் நட்டு, உள்ளிருக்கும் மண்ணை அகற்றுக. நாற்று நட்டு இரு வாரங்களின் பின்னர், குழாயினுள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே அரையடி இறங்கும்வரை மறுநீர் விட வேண்டியதில்லை. இதனால் மெதேன் பாதியளவு வரை குறையக்கூடும், நீரும் மிஞ்சும். பூக்குங் காலத்தில் மாத்திரம் நீர் நிற்றல் வேண்டும். அப்பொழுது காயவிட்டால் பதர் மிகும். மேல்வயல் நீர் கீழ்வயலுக்கு வழியும் படிவயல்களில் ஒருவர் தனித்து இதனைச் செய்தல் இயலாது. ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர், போகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நீர் விடும் நாட்களைப் பேசித் தீர்மானித்துக் கொள்ளுதல் வேண்டும்.