நுண்ணங்கியின் ஊசி

கடந்த இதழில் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையில் "நோய்க்கிருமி நஞ்சைக் கக்குவதுபோல" என்றொரு உவமை வந்திருந்தது. அக்கட்டுரையின் அரசியலோடு நான் இங்கு வாதிட வரவில்லை. உவமை முழுமையானதல்ல என்பது மட்டுமே என் ஆட்சேபனை. சில கிருமிகள் கக்குகின்றன, உண்மை. ஆனால் கொள்ளைநோய்க் கிருமியோ, ஊரில் எம்மைக் கிடையில் போட்ட நெருப்புக் காய்ச்சற் கிருமியோ இதை மட்டும் நம்பி இருப்பவையல்ல. அவற்றின் வழி வேறு. அந்த வழியை விளங்கிக் கொண்டதில், நாம் வந்து சேர்ந்த இந்த நாட்டின் ஆய்வுகூடங்களுக்குப் பெரிய பங்குண்டு. ஒருகாலத்தில் தாவரவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் அதை எழுதுகிறேன்.

கக்கும் கதையிலேயே தொடங்கலாம். சுவிஸின் வோ மாநிலத்தில் ஒபோன் என்ற ஊரில் 1863 இல் பிறந்தவர் அலெக்சாந்தர் யேர்சன். இவரும் எமில் ரூவும் 1888 இல் பாரிசின் பாஸ்ரர் நிறுவனத்தில் டிப்தீரியாக் கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிந்த நீரை விலங்குகளுக்கு ஏற்றினார்கள். விலங்குகள் செத்தன. கொன்றது கிருமியல்ல, கிருமி வெளியே விட்ட நஞ்சு என்பது நிறுவப்பட்டது. கல்கத்தாவில் சம்புநாத் தே 1959 இல் வாந்திபேதிக் கிருமியின் வடிநீரை முயற்குடலில் இட்டு இதையே காட்டினார். கக்குதல் என்ற படம் எமது மனதில் பதிந்தது இத்தகைய பரிசோதனைகளால்தான்.

அதே யேர்சன் 1894 இல் ஹொங்கொங் சென்று கொள்ளைநோயின் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். 1943 இல் வியட்நாமில் இறந்தார். அவர் பெயரால் யேர்சீனியா என்று இன்று வழங்கும் அந்தப் பற்றீரியாக் குடும்பம்தான், அவர் இளமையில் நிறுவிய படத்தைக் குழப்பியது. யேர்சீனியாவை 37 பாகை வெப்பத்தில், கல்சியம் இல்லாத திரவத்தில் வளர்த்தால் சில புரதங்களை ஏராளமாக வெளியே விடும். ஆனால் அந்தப் புரதங்களைத் தனியாக்கி மனிதக் கலங்களின் மேல் ஊற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. பற்றீரியாவே வந்து கலத்தைத் தொட்டால் மட்டும் கலம் செயலிழந்து போகிறது. நஞ்சு கையில் இருக்கிறது, ஆனால் நஞ்சாக வேலை செய்யவில்லை.

விடை 1994 இல் வந்தது. சுவீடனில் ஹான்ஸ் வொல்ஃப்-வாட்ஸ் குழுவினரும் பெல்ஜியத்தில் கீ கோர்னெலிஸ் குழுவினரும், இப்புரதங்கள் பற்றீரியாவின் உள்ளிருந்து நேரே மனிதக் கலத்தின் உள்ளே போகின்றன என்று காட்டினார்கள். இடையில் வெளி என்ற ஒன்றே இல்லை. எமது பாடநூல்கள் இதற்கும் "சுரப்பு" என்ற சொல்லையே பாவிக்கின்றன. ஊற்றில் நீர் சுரக்கும், மடியில் பால் சுரக்கும். இது சுரப்பதல்ல, ஏற்றுவது. நான் விரிவுரை செய்த காலத்தில் நானும் சுரப்பு என்றே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

இந்த வகைப் பற்றீரியாக்களுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மென்சவ்வுகள் உண்டு. இரண்டையும் தாண்டிப் புரதத்தை வெளியே அனுப்புவது இலேசான காரியமல்ல. அதற்குப் பல வகையான பொறிகள் உள்ளன. ஆய்வாளர் அவற்றுக்கு முதலாம் வகை, இரண்டாம் வகை என்று இலக்கமிட்டிருக்கிறார்கள். வாந்திபேதி நஞ்சு வெளியேறுவது இரண்டாம் வகையால். நாம் பேசுவது மூன்றாம் வகை. சுமார் 25 வகைப் புரதங்கள் சேர்ந்து இரு மென்சவ்வுகளையும் ஊடறுத்து ஓர் அடித்தளம் அமைக்க, அதன்மேல் உள்ளே துளையுள்ள ஓர் ஊசி நிற்கிறது. 1998 இல் சல்மொனெல்லாவிலிருந்து பிரித்தெடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்தபோது அது உண்மையாகவே ஊசி போலத்தான் இருந்தது. துளை மிக ஒடுங்கியது. ஆகவே புரதம் தன் மடிப்புக் குலைந்து நூல்போல நீண்டுதான் அதனூடு போகவேண்டும். பற்றீரியா நீந்தப் பாவிக்கும் சவுக்குமுளையின் அடிப்பாகமும் இந்தப் பொறியும் உறவுக்காரர் என்பது இன்னொரு வியப்பு.

கோர்னெலிஸ் 2001 இல் பாசல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மையத்துக்கு வந்தார். அங்கிருந்து 2003 இல் அவரது குழு வெளியிட்ட முடிவு எனக்கு மிகப் பிடித்தது. யேர்சீனியாவின் ஊசி ஏறக்குறைய 60 நானோமீற்றர் நீளம். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நானோமீற்றர். இவ்வளவு சிறிய ஊசி ஏன் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வருகிறது? நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் உலோகக் குழாய்களை வெட்டுகிறோம். இடைக்கிடை ஒரு துண்டை எடுத்து மாதிரித் துண்டோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது என் வேலை. பற்றீரியாவும் அதையே செய்கிறது. அதனிடம் அடிமட்டமாக ஒரு புரதம் இருக்கிறது. பாசல்காரர் அந்தப் புரதத்தில் அமினோ அமிலங்களைச் சேர்த்தார்கள், ஊசி நீண்டது. குறைத்தார்கள், ஊசி குறுகியது. ஓர் அமினோ அமிலத்துக்கு 0.19 நானோமீற்றர் என்ற கணக்கில், நேர்கோட்டில். நீளம் ஏன் முக்கியம் என்பதையும் 2005 இல் காட்டினார்கள். பற்றீரியா மனிதக் கலத்தைப் பற்றிப் பிடிக்க வேறொரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் வைத்திருக்கிறது. ஊசி அந்தப் பிடியின் நீளத்துக்குக் குறைந்தால் கலத்தைச் சென்று எட்டாது.

ஊசியினூடு போகும் புரதங்களை "ஏவற்புரதம்" என்று சொல்லலாமா? பில்லி சூனிய வாடை அடிக்கிறது என்பார்கள். வேலையும் ஏறக்குறைய அதுதான். யேர்சீனியாவின் ஏவற்புரதங்கள், தன்னை விழுங்க வரும் வெண்குருதிக் கலத்தின் கைகால்களை முடக்கி, அது மற்றக் கலங்களுக்கு அபாயச் செய்தி அனுப்புவதையும் நிறுத்துகின்றன. நெல்லின் பற்றீரியா வெளிறல் நோய்க்குக் காரணமான சாந்தொமோனாசும் இதே வகை ஊசியால்தான் ஏற்றுகிறது. அதன் புரதம் நெற்கலத்தின் கருவரை சென்று, சீனியை வெளியே விடும் பரம்பரையலகைத் திறந்துவிடுகிறது. பயிர் தன் கையாலேயே பகைக்குச் சோறு போடுகிறது.

இனிச் சூரிச்சுக்கு வருவோம். எனக்கு இக்கட்டுரையை எழுதத் தோன்றியதே இதனால்தான். சூரிச் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் வொல்ஃப்-டீற்றிஷ் ஹார்ட், மார்ட்டின் அக்கெர்மான் ஆகியோரும் சகாக்களும் சுண்டெலிகளில் சல்மொனெல்லாவை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட முடிவு இது. (நெருப்புக் காய்ச்சலை உண்டாக்குவது அதன் நெருங்கிய உறவினம், அதன் போக்கு வேறு, ஆகவே இதை அப்படியே அங்கு பொருத்தக் கூடாது.) குடற்குழிக்குள் இருக்கும் சல்மொனெல்லாக்கள் எல்லாம் ஊசி செய்வதில்லை. பரம்பரையலகுகள் ஒன்றே, சூழல் ஒன்றே. இருந்தும் சுமார் 15 வீதமானவையே செய்கின்றன. செய்தவை குடற்சுவருக்குள் நுழைகின்றன. அங்கே உடலின் பாதுகாப்பு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறது. ஆனால் அந்த நுழைவினால் குடல் அழற்சியுறுகிறது. அழற்சியால் குடலில் வழமையாக வாழும் மற்றப் பற்றீரியாக்கள் அழிகின்றன. வெளியே நின்ற சல்மொனெல்லாக்கள் காலியான இடத்தில் பெருகுகின்றன. ஆய்வாளர் இதற்கு இட்ட பெயர் தன்னழிவுக் கூட்டுறவு.

இதை எமது வாசகர் வட்டத்தில் விளக்கியபோது சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு நண்பர் சொன்னார்: "அப்ப சேர், குடலுக்குள்ள நிண்டு பெருகினது நாங்கள்தான்." அவர் தம்பியைப் போரில் இழந்தவர். அந்த இடத்தில் அவரோடு வாதாட என்னால் முடியவில்லை. எழுத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பற்றீரியா ஊசி செய்யும் என்பது கலத்துக்குள் மூலக்கூறுகளின் தற்செயலான ஏற்றத்தாழ்வால் அமைவது. எந்தப் பற்றீரியாவையும் யாரும் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. எந்தப் பற்றீரியாவுக்கும் மேடையில் நின்று யாரும் பேசவுமில்லை. அதைவிட, செத்தவையும் மிஞ்சியவையும் ஒன்றின் பிரதிகள். செத்ததிலிருந்தது எல்லாம் மிஞ்சியதில் அப்படியே இருக்கிறது. நண்பரின் தம்பியில் இருந்தது நண்பரில் இல்லை. அதனால்தான் அது இழப்பு.

இதன் தொடர்ச்சி 2013 இல் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. ஊசி செய்வது செலவான வேலை. செய்யும் கலம் மெதுவாகத்தான் வளரும். நாட்பட நாட்பட, பரம்பரையலகு மாறி ஊசியே செய்யாத சல்மொனெல்லாக்கள் தோன்றி விரைவாகப் பெருகுகின்றன. இவற்றுக்கு ஆங்கிலக் கட்டுரைகள் வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கும்போது எமது கைக்கு முதலில் வரும் சொல் எதுவென்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல்லால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதும் தெரியும். ஆகவே "ஊசி செய்யாதவை" என்றே எழுதுகிறேன்.

இதில் மருத்துவப் பயனும் உண்டு. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பற்றீரியாவைக் கொல்கின்றன. தப்பிய ஒன்றிரண்டு தம்மை எதிர்ப்பாரின்றிப் பெருக்கிக்கொள்கின்றன. கொல்லாமல் ஊசியை மட்டும் அடைத்தால் என்ன என்பது பல ஆய்வுகூடங்களின் முயற்சி. அடைப்பை மீறி ஊசி செய்யும் ஒரு சல்மொனெல்லா செலவைத் தான் மட்டும் சுமக்கும், பலனோ அயலில் நிற்கும் எல்லாவற்றுக்கும் போகும். ஆகவே எதிர்ப்புச் சக்தி அவ்வளவு வேகமாகப் பரவாது என்பது வாதம். வாதம் நல்லது. ஆனால் இந்த வழியில் வந்த மருந்து எதுவும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை. ஊரில் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் தூரத்தூர வைப்பதும், தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், தடுப்பூசியும்தான் இப்போதைக்கு உள்ள வழி.

பாசலில் வேறொரு திசையில் போனார்கள். உயிரியல் மையத்திலிருந்து பிரிந்து 2015 இல் ரி3 பார்மா என்றொரு சிறு நிறுவனம் தோன்றியது. யேர்சீனியாவின் நோய் தரும் புரதங்களை எடுத்துவிட்டு, ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு, அதனூடு புற்றுநோய்க் கட்டிக்குள் மருந்துப் புரதத்தை ஏற்றுவது அவர்கள் திட்டம். 2023 இல் ஜேர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் அந்த நிறுவனத்தை வாங்கியது. மனிதரில் பரிசோதனை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.