பூண்டி நீர்த்தேக்கம்

நுழையும்முன்

மழை ஓரிரு மாதங்களில் பெய்து ஓய்கிறது. நீரின் தேவையோ ஆண்டு முழுவதும் தொடர்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதே நீர்த்தேக்கத்தின் பணி. திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி நீர்த்தேக்கம் அப்பணியை ஆற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சத்தியமூர்த்தி சாகர்

கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும்; வடகிழக்குப் பருவமழையின்போது பெருக்கெடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும். அவ்வெள்ளத்தின் ஒரு பகுதியைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பியது. வளர்ந்துவந்த சென்னைக்கு அது போதவில்லை. 1939இல் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி, பூண்டியில் நீர்த்தேக்கம் அமைய அரும்பாடுபட்டார். 1944இல் பணி நிறைவுற்றபோது அவர் உயிருடன் இல்லை. நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நின்றது.

நீர்வழிகளின் சந்திப்பு

பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இங்குத் தேங்கும் நீர் கால்வாய்கள் வழியே புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குச் செல்கிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீரும் 1996 முதல் இங்கு வந்து சேர்கிறது. எனவே, பூண்டி ஒரு சேமிப்புக் கலம் மட்டுமன்று. பல நீர்வழிகள் கூடிப் பிரியும் சந்திப்பும் ஆகும்.

மண்ணுக்கடியில் ஒரு தேக்கம்

அணையைக் கடந்து செல்லும் நீரெல்லாம் வீண் என்று கருதுதல் தவறு. ஆற்றுப்படுகையில் ஓடும் நீர் மணலில் ஊறி நிலத்தடி நீராகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நகருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அந்நீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டது. நன்னீர் மட்டம் தாழவே, கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது, கிணறுகள் உவர்த்தன. வல்லூர் போன்ற அணைக்கட்டுகள் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, நிலத்தடி நீரை மீட்க உதவுகின்றன.

பகிர்வும் பொறுப்பும்

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அடுத்த ஆண்டு, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதற்காக உழவர்களின் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. நகரத்தின் குடிநீரில் சிற்றூர்களின் இழப்பும் கலந்திருக்கிறது.

ஆகவே, பெற்ற நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது கடமையாகிறது. கொடுங்கையூரில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்படுகிறது. ஆலைகள் அந்நீரைப் பயன்படுத்தும் அளவிற்கு ஏரி நீர் குடிநீருக்கு எஞ்சும். நீர்த்தேக்கம் நீரைப் படைப்பதில்லை; வந்த நீரைக் காத்துத் தருகிறது. அதனை முறையாகப் பகிர்ந்துகொள்வது நம் பொறுப்பு.