குளிரும் சூடும் மல்லுக்கட்டும் கூரை

சிட்னியில் அலுவலகக் கட்டடங்களுக்கு ஏசி பராமரிப்பதுதான் என் பிழைப்பு. பழைய கட்டடத்தில் மின்சாரம் எங்கே கரைகிறது என்று கேட்பவர்களுக்குப் பொய்க்கூரைப் பலகையை நகர்த்திக் காட்டுவேன். குழாயில் குளிர்காற்று வரும். அறைக்குள் இறங்கும் முன் ஒரு ஹீட்டர் அதையே சூடாக்கும்! கீழே 22 டிகிரி சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சென்சாரையும் கட்டுப்பாட்டையும் சரிசெய்தாலே பில் இறங்கிவிடும். புதுக் கண்ணாடி முகப்பெல்லாம் அப்புறம்.

இப்படி மின்சாரம் வீணாவதைக் குறைக்க, 2011-ல் இங்குள்ள பெரிய கட்டட உரிமையாளர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து ‘பெட்டர் பில்டிங்ஸ் பார்ட்னர்ஷிப்’ தொடங்கினார்கள். நகர மையத்தின் அலுவலகப் பரப்பில் பாதிக்கு மேல் அவர்கள் கையில். வாடகைதாரரைப் பிடிக்கப் போட்டி போடுகிறவர்கள், மின்பயன்பாட்டுத் தகவலை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும்படி குத்தகை ஒப்பந்தத்துக்கு மாதிரி விதிகள் எழுதினார்கள்.

எல்லாம் நல்லெண்ணமா? நான் நம்பவில்லை. 1,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்தால், ‘நேபர்ஸ்’ ஆற்றல் நட்சத்திர மதிப்பீட்டை அதில் போட்டே தீர வேண்டும் என்கிறது சட்டம். ஆறுக்கு இரண்டு நட்சத்திரம் என்று விளம்பரத்தில் போட எந்த முதலாளிக்கு மனசு வரும்?