உங்களுக்குத் தெரியுமா? உவரிக் காற்றும் வண்டியின் பின்பூட்டும்

● கடலோர ஊரான உவரியில் மீன் ஏற்ற நிற்கும் குட்டி யானை, அந்தோணியார் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து நாள்கணக்கில் தங்கியவர்களின் வேன், கூண்டு கட்டிய பிக்கப் என்று எந்த வண்டியை எடுத்தாலும் முதலில் மக்கர் செய்வது பின்கதவுப் பூட்டாகத்தான் இருக்கும். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழல்வதால் புழுதியெல்லாம் அங்கேதான் போய் அப்புகிறது. போதாக்குறைக்கு, டிரைவர் பக்கக் கதவைப்போல அதை அடிக்கடி திறப்பதும் இல்லை.

● ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு கரையேறி, சாவித்துளை வழியாக உள்ளே போய்க் காய்கின்றன. காய்ந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் பார்ப்பது அதைத்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். வெளியே மண் பொரியும் நண்பகலிலும் பூட்டின் உட்புறம் ஈரமாக இருக்கும்.

● இறுகிய பூட்டைக் கண்டதும் எண்ணெயைத் தேடி ஓடுகிறோமே, உப்பு எண்ணெயில் கரையாது! உப்பின் மேல் எண்ணெய் விட்டால் உப்பு அப்படியே உள்ளே இருக்கும், அதன் மேல் ஒரு பிசுக்கு சேரும், அவ்வளவுதான். கடலோரத்தில் முதல் மருந்து வெதுவெதுப்பான நல்ல தண்ணீர். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துச் சாவித்துளைக்குள் பலமுறை பீய்ச்ச வேண்டும். கடற்கரையோர போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றால் கேன் தண்ணீரையே எடுங்கள். ஒரு டம்ளருக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அதன் பிறகு நீரை விரட்டும் ஸ்பிரே. வழவழப்புக்கு ஏதாவது விடுவது கடைசியில்தான்.

● அந்த ஸ்பிரேக்களில் பெயர்பெற்ற டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. நாற்பதாவது கலவை சரியாக வந்ததால் பெயரில் 40. முதலில் அது காத்தது அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து. பூட்டுக்குள் அது நீரை விலக்கும், துருவை இளக்கும். நீண்டநாள் வழவழப்புக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

● பல நேரம் இறுகியிருப்பது பூட்டே அல்ல! கூண்டின் பின்கதவில் நடுவே ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே இரண்டு கம்பிகள் இடமும் வலமும் நகர்ந்து நாக்குகளை விடுவிக்கும். கதவு ரப்பர் உப்பி, அல்லது கூண்டு லேசாகக் கோணி, நாக்குகளின் மேல் பாரம் விழுந்தால் எந்தச் சாவியும் திரும்பாது. ஒருவர் கதவை உள்ளங்கையால் உள்பக்கம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே, கீழே, ஓரத்தில் என்று அழுத்தும் இடத்தை மாற்றுங்கள். சாவி திரும்பியும் கதவு திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கம்பியில்தான். கீழ்ப்பலகையைத் தனியாக இறக்க முடிகிற வண்டி என்றால் ஒல்லியான பையன் ஒருவன் உள்ளே தவழ்ந்துபோய்க் கம்பியைக் கையாலேயே இழுத்துவிடலாம். பட்டறைக்குப் போகும் முன் இதைச் செய்து பார்ப்பவர்கள் குறைவு. நாம் திட்டுவது பூட்டை, குற்றம் செய்தது ரப்பர்.

● சாவியில் ஒட்டிவரும் பொடியின் நிறமே நோயைச் சொல்லும். வெள்ளை என்றால் துத்தநாக வார்ப்பு அரிக்கிறது. பச்சை என்றால் பித்தளை. செம்பழுப்பு என்றால் இரும்பு வில். மூன்று உலோகமும் ஒரே கூட்டுக்குள் உப்புநீரில் நனைந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. வலுக்குறைந்த உலோகம் மற்றதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பூட்டுக்குள் தகட்டுக்கும் தகட்டுக்கும் இருக்கும் மயிரிழை இடைவெளி அதைத் தாங்குமா?

● பூட்டுக்குப் பென்சில் கரி நல்லது என்பார்கள். உள்நாட்டில் சரி. கடலோரத்தில் அந்தக் கரியின் கிராஃபைட் அதே பேட்டரியின் இன்னொரு முனையாகிவிடும்; உப்பு ஈரத்தில் அதை ஒட்டிய உலோகம் வேகமாக அரிக்கும். உவரியில் வண்டி நிறுத்துபவர்கள் கரியை விட்டுவிட்டு, டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே வாங்குவது நல்லது.

● நல்லெண்ணெய்? காற்றுப்பட்டால் நாளடைவில் கெட்டியாகிப் பிசினாகும் வகை. தேங்காயெண்ணெய் அப்படி உலராது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மணலையும் பிடித்துவைக்கும். இரண்டும் அடுக்களையிலேயே இருக்கட்டும்.

● அந்த மணலும் சாமானியமானதல்ல. இந்தக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டுவதற்கும், நீர்த்தாரையால் இரும்பை அறுப்பதற்கும் உலகம் முழுக்கப் பயன்படும் கனிமம் அது. மோஸ் கடினஅளவில் கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, பித்தளை 3-க்கு அருகில். எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கிய கார்னெட் மணல், சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பூட்டை உள்ளே ராவுகிறது.

● காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகம் எந்த ஊரில் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று காட்டும் இந்திய வரைபடத்தையே வெளியிட்டிருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார்.

● கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்து முறுக்காதீர்கள். பூட்டு திறக்கும் முன்பே சாவி ஒடியும். ஒடிந்தால் மெல்லிய ரம்ப பிளேடின் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஓரமாக நுழைத்து இழுத்தால் துண்டு மாட்டிக்கொண்டு வரும். டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் எடுத்த சாவி என்றால் பிழைமேல் பிழை சேர்ந்திருக்கும். வீட்டில் கிடக்கும் மூலச்சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவியை லைட்டரில் சூடாக்கிச் செருகும் வித்தையை ஸ்பிரே அடித்த பூட்டில் செய்யவே கூடாது. பல ஸ்பிரேக்கள் எளிதில் தீப்பற்றும்.

● சாவியே தொலைந்துவிட்டது என்றால் உவரி சரியான ஊர்தான். லிஸ்பனில் பிறந்து 1231-ல் பதுவை அருகே இறந்த புனித அந்தோணியார், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று உலகெங்கும் வேண்டப்படுபவர். காணாமல் போன அவருடைய சங்கீதப் புத்தகம் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லப்படும் கதைதான் அதற்கு அடிப்படை. செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் கூட்டம் அதிகம்.

● பூட்டுக்கு மேல் கொண்டி வைத்துத் தொங்குபூட்டு மாட்டும் மீன்வண்டிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தொங்குபூட்டைக் கழற்றிக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மறுபடி மாட்டலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு தமிழ்நாட்டிலேயே செய்யப்படுகிறது. கொண்டியும் திருகாணியும் வாங்கும்போது 316 ரக எவர்சில்வராகக் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால், 304 ரகத்தைவிட உப்புக்காற்றை அதிகம் தாங்கும். விலை கூடத்தான்.